27 எழுத்துகளும் ஒரு துண்டுக் காகிதமும்: படங்களுக்குள் ஒளிந்த செய்திகள் பிடிபட்ட வழக்கு

2005ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோகன் என்றொரு ஊர். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூயார்க். அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் எஃப்பிஐ ஆட்கள் நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு ரகசியமாக நுழைகிறார்கள். வீட்டிலிருந்த கணினி வட்டுகளைப் பிரதி எடுக்கிறார்கள். எல்லாமே கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. அப்புறம் ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் படுகிறது. அதில் ஆல்ட், கண்ட்ரோல், இ என்று மூன்று விசைகளின் பெயர்கள். கூடவே வரிசையாக 27 எழுத்துகள். அதைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த 27 எழுத்துகளைப் போட்டதும் வட்டில் இருந்த ஒரு மென்பொருள் திறந்துகொண்டது. கடைகளில் விற்காத, இணையத்தில் இறக்க முடியாத மென்பொருள். சாதாரணப் படங்களுக்குள் செய்திகளைப் பூட்டி ஒளித்துவைப்பதும், ஒளித்ததை எடுத்துப் படிப்பதும்தான் அதன் வேலை. அதைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உரைக்கோப்புகளைப் புலனாய்வாளர்கள் மீட்டார்கள். ரஷ்யாவின் வெளிநாட்டு உளவுத்துறையான எஸ்விஆருக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் இடையே போய்வந்த செய்திகள் அவை.

தரவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். படத்துக்குள் செய்தியை ஒளிப்பது எப்படி என்று கேட்டுத்தான் பலரும் வருகிறார்கள். ஒளித்த செய்தி எப்படி வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கேள்விக்கே சரியான பதில் கிடைக்கும். இந்த வழக்கில் அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த குற்றப் புகாரே ஒரு பாடநூல் மாதிரி இருக்கிறது.

யார் இவர்கள்

அந்த வீட்டில் இருந்தவர்கள் ரிச்சர்ட் மர்ஃபி, சிந்தியா மர்ஃபி என்ற பெயரில் வாழ்ந்த தம்பதி. உண்மைப் பெயர்கள் விளாதிமிர் குரியெவ், லிடியா குரியெவ். தூதரகத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொந்தப் பெயரை மறைத்து, அமெரிக்கர்களாகவே பல வருடம் வாழ்ந்து, அதிகார வட்டத்தில் இருப்பவர்களோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி. இப்படிப்பட்டவர்கள் பாஸ்டன் பக்கத்திலும், வாஷிங்டன் பக்கத்திலும், நியூயார்க்கிலும் இருந்தார்கள். எஃப்பிஐ இந்த விசாரணைக்கு 'கோஸ்ட் ஸ்டோரிஸ்' என்று பெயர் வைத்திருந்தது.

2010 ஜூன் 27 அன்று பத்துப் பேர் கைதானார்கள். பதினோராவது ஆள் சைப்ரஸில் பிடிபட்டு, ஜாமீனில் வெளியே வந்து, காணாமல் போனார். ஜூலை 8 அன்று பத்துப் பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மறுநாளே வியன்னா விமான நிலையத்தில் கைதிகள் பரிமாற்றம். ரஷ்யச் சிறையில் இருந்த நான்கு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள், பத்துப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். அந்த நால்வரில் ஒருவர்தான் 2018இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் விஷம் வைக்கப்பட்டு உயிர்தப்பிய செர்கேய் ஸ்கிரிபால்.

மர்ஃபி தம்பதி 2008இல் ஹோபோகனை விட்டு மான்ட்கிளேர் என்ற ஊருக்குக் குடிபோயிருந்தார்கள். கைது நடந்தபோது அக்கம்பக்கத்தாருக்கு நம்பவே முடியவில்லை. அந்த அம்மா வளர்த்த ஹைட்ரேஞ்சியா செடிகளைப் பாருங்கள், இவர்களா உளவாளிகள் என்ற பேச்சு செய்தித்தாள்வரை வந்தது.

படத்துக்குள் என்னதான் நடக்கிறது

எஸ்விஆரின் மென்பொருள் எந்தச் சூத்திரத்தில் இயங்கியது என்பதற்குள் நான் போகவில்லை. படத்தில் ஒளிப்பதன் அடிப்படையை மட்டும் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவைத்துப் பார்க்கலாம். வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்குதான் இது.

மொட்டை மாடியில் நின்று வானத்தைப் படம் எடுக்கிறீர்கள். அந்தப் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நம் வானப் புள்ளி ஒன்றின் எண்கள் 135, 206, 235 என்று வைத்துக்கொள்வோம். வெளிர்நீலம். கணினி இதை எட்டு எட்டு பிட்டுகளாக, அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்களாக, எழுதிவைத்திருக்கிறது: 10000111, 11001110, 11101011.

இப்போது இதில் 'அ' என்ற எழுத்தை ஒளிக்க வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட், அதாவது 24 பிட். அதன் முதல் மூன்று பிட்டுகள் 1, 1, 1. ஒவ்வொரு நிற எண்ணின் கடைசி பிட்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம் பிட்டை வைக்கிறோம். 135இன் கடைசி பிட் ஏற்கெனவே 1, மாற்றம் இல்லை. 206இன் கடைசி பிட் 0, அது 1 ஆகிறது, எண் 207 ஆகிறது. 235இன் கடைசியும் 1தான், அப்படியே இருக்கட்டும். ஆக மொத்தம் நடந்த மாற்றம் பச்சை நிறத்தில் ஒரே ஒரு படி. 206க்கும் 207க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது.

எட்டுப் புள்ளிகளில் 'அ' முடிந்துவிடும். 'அம்மா' என்று எழுத நாற்பது புள்ளிகள் வேண்டும். நமக்கு மூன்று எழுத்தாகத் தெரிவது கணினிக்கு ஐந்து குறிகள் (அ, ம, புள்ளி, ம, கால்), ஒவ்வொன்றும் மூன்று பைட். 4000க்கு 3000 அளவுள்ள ஒரு கைப்பேசிப் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கடைசி பிட்டுகளை எல்லாம் பயன்படுத்தினால் 45 லட்சம் பைட் இடம் கிடைக்கும். ஒரு பெரிய நாவலே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கலைக்குத்தான் ஸ்டெகனோகிராஃபி என்று பெயர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முதல்முறை செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். ஒளித்த படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமிக்கிறார்கள். ஜேபெக், கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துதான் கோப்பைச் சுருக்குகிறது. நாம் ஒளித்ததும் கண்ணுக்குத் தெரியாத அந்த நுணுக்கத்தில்தான். சேமித்த நொடியில் செய்தி போயே போய்விட்டது. பிஎன்ஜி கோப்பாக வைத்தால் ஒரு பிட்கூடக் கெடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதி, அது மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஸ்டெக்ஹைட், எஃப்5 போன்ற கருவிகள் ஜேபெக் சுருக்கிய பிறகு மிஞ்சுகிற எண்களிலேயே ஒளிக்கின்றன. அதனால் அவற்றுக்கு ஜேபெக் பகை இல்லை. ஆனால் அந்தப் படத்தை இன்னொருவர் மறுபடி சுருக்கினால் அங்கேயும் பெரும்பாலும் பாழ்தான்.

ஒளிப்பது ஒரு வேலை, பூட்டுவது வேறு வேலை

குற்றப் புகாரில் எஸ்விஆர் மென்பொருளைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறது. பிறகு படத்துக்குள் நுழைக்கப்படுகிறது. அந்தப் படம் யாரும் பார்க்கக்கூடிய ஒரு இணையதளத்தில் வைக்கப்படுகிறது. எடுப்பவர் முதலில் படத்திலிருந்து பிரித்தெடுத்து, பிறகு பூட்டைத் திறக்கிறார்.

மறையாக்கம் என்றால் என்க்ரிப்ஷன். செய்தியைச் சாவி இல்லாதவருக்கு வெறும் இரைச்சலாக மாற்றிவிடுவது. 2001இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ் முறை இன்று உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. வங்கிச் செயலி முதல் கைப்பேசிப் பூட்டு வரை அதுதான். ஒளிப்பதும் பூட்டுவதும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இங்கே ஒரு செய்தி இருக்கிறதா என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொள்வது ஸ்டெகனோகிராஃபி. இருக்கிறது என்று தெரிந்த பிறகும் படிக்கவிடாமல் தடுப்பது மறையாக்கம். சந்தேகம் வந்துவிட்டால் முதலாவது அதோடு தீர்ந்தது. அதற்கு மேல் தாங்க வேண்டியது பூட்டு மட்டும்தான். அதனால்தான் பூட்டாமல் ஒளித்துவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதே இல்லை.

இரண்டையும் சேர்க்கும்போது ஒரு நுட்பமான சிக்கலும் வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே அதற்குக் கணக்கே இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த ஆண்ட்ரியாஸ் வெஸ்ட்ஃபெல்ட், ஆண்ட்ரியாஸ் ஃபிட்ஸ்மான் இருவரும் 1999இல் அதைக் காட்டினார்கள். இயல்பான ஒரு படத்தில் 206 என்ற எண் எத்தனை முறை வருகிறது, 207 எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் இரண்டும் வேறுபடும். மறையாக்கம் செய்த செய்தியிலோ 0வும் 1உம் கிட்டத்தட்ட சரிபாதி. அதைப் படம் முழுக்கக் கடைசி பிட்டுகளில் திணித்தால் 206உம் 207உம் ஏறக்குறையச் சமமாகிவிடும். 134உம் 135உம் அப்படியே. கண்ணுக்குத் தெரியாதது எண்ணிக்கையில் தெரிந்துவிடும். இடம் இருக்கிறதே என்று நிரப்பக் கூடாது. பெரிய படத்தில் சிறிய செய்தி, அதுவும் சிதறலாக, என்பதுதான் இந்தத் தொழிலின் பழக்கம்.

இணையத்தில் பொதுவாகக் கிடக்கும் ஒரு படத்தை எடுத்து அதற்குள் ஒளிப்பதும் ஆபத்து. மூலப் படம் கையில் இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். நீங்களே எடுத்த, வேறெங்கும் பகிராத படமாக இருக்க வேண்டும். ஒளித்த பிறகு மூலத்தை அழித்துவிட வேண்டும்.

இவ்வளவு கண்டறியும் முறைகள் இருந்தும், பரந்த இணையத்தில் தேடிப் பிடிப்பது எளிதல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் புரோவோஸ், பீட்டர் ஹனிமேன் இருவரும் 2001 வாக்கில் ஈபே தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை இறக்கிச் சோதித்தார்கள். ஒளிந்த செய்தி ஒன்றுகூட அகப்படவில்லை.

எங்கே உடைந்தது

சரி, அப்படியென்றால் எஃப்பிஐ எப்படிப் பிடித்தது? படங்களை அலசிப் பிடிக்கவில்லை. ஆட்களை முதலில் அடையாளம் கண்டுகொண்டு, அவர்கள் வழியாகப் படங்களுக்குப் போனார்கள்.

அலெக்சாண்டர் பொதேயெவ் என்பவர் எஸ்விஆரில் கர்னல். அமெரிக்காவில் மறைந்து வாழும் இந்த ஆட்களைக் கவனித்துக்கொள்ளும் பிரிவிலேயே மேல்பதவியில் இருந்தவர். கைதுகளுக்குச் சற்று முன்பு ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 2011இல் மாஸ்கோ ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி, இவர்களைக் காட்டிக்கொடுத்தவர் என்று 25 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. எந்தக் கணிதத்தாலும் இந்த இடத்தை அடைக்க முடியாது.

ஆள் அடையாளம் தெரிந்த பிறகும் செய்திகள் பூட்டியேதான் இருந்திருக்க வேண்டும். இங்கேதான் அந்தக் காகிதம் வருகிறது. கணினி விசைப்பலகையில் தட்டக்கூடிய 94 குறிகளிலிருந்து தற்செயலாகத் தேர்ந்த 27 குறிகள் என்றால் அதன் பலம் சுமார் 177 பிட், அதாவது இரண்டை 177 முறை பெருக்கினால் வரும் அத்தனை சேர்க்கைகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம். இவ்வளவு நீளமான கடவுச்சொல்லை வைக்கச் சொன்னவர்கள் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் தொடர்பில்லாத 27 குறிகளை எத்தனை பேரால் மனப்பாடம் செய்ய முடியும்? எழுதிவைத்தார்கள். எழுதியதை வட்டுகள் இருந்த அதே வீட்டில் வைத்தார்கள்.

இதற்காக அந்தத் தம்பதியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மனிதனால் சுமக்க முடியாத சாவியைக் கொடுத்த அமைப்புக்கும் அதில் பங்குண்டு. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்காகப் போயிருந்தேன். 30 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், பழையதை மறுபடி வைக்கக் கூடாது என்று அங்கே கடுமையான விதிகள். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா விசைப்பலகையைத் திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சள் சீட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மாதவாரியாக. விதியை அவர் ஒழுங்காகத்தான் பின்பற்றியிருந்தார்.

1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ஒரு கோட்பாட்டை எழுதினார்: பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரியின் கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக் கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். ஹோபோகனில் வட்டுகளின் பிரதியோடு மென்பொருளும் கைக்கு வந்துவிட்டது. வேறெவரிடமும் இல்லாத மென்பொருள் என்பதால் இருந்த பாதுகாப்பு அந்த நிமிடமே போனது. மிச்சமிருந்த சாவி, காகிதத்தில் இருந்தது.

இந்தக் குழுவின் மற்றவர்களிடம் வேறு வகைப் பிசகுகளும் நடந்தன. நியூயார்க்கில் இருந்த அன்னா சாப்மன் புதன்கிழமைகளில் ஒரு காஃபிக் கடையிலோ புத்தகக் கடையிலோ உட்கார்ந்து மடிக்கணினியைத் திறப்பார். பக்கத்தில் ரஷ்ய அதிகாரி ஒருவர் நிற்பார் அல்லது வேனில் கடந்து போவார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், இரண்டு கணினிகள் மட்டும் தனி வைஃபை வழியாகப் பேசிக்கொள்ளும். 2010 ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே இப்படிப் பத்துப் புதன்கிழமைகள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவியை வைத்தே, ஒவ்வொரு முறையும் அதே இரண்டு கணினிகள்தான் என்பதை அவற்றின் மேக் முகவரிகளைக் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) கொண்டு எஃப்பிஐ பதிவு செய்தது. உள்ளடக்கம் பூட்டியிருந்தால்கூட யார், எப்போது, யாரோடு என்பது அப்பட்டமாக வெளியே கிடந்தது. ஜூன் 26 அன்று ரஷ்யத் தூதரக ஊழியராக நடித்து வந்த எஃப்பிஐ ஆளை நம்பி, சரிசெய்து தரச் சொல்லி அவரிடமே மடிக்கணினியைக் கொடுத்துவிட்டார்.

பூட்டே காட்டிக்கொடுத்தபோது

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சியாவ்சிங் ஜெங், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டர்பைன் தொழில்நுட்பப் பொறியாளர். 2018 ஜூலையில் நிறுவனத்தின் கோப்புகளை மறையாக்கம் செய்து, ஒரு சூரிய அஸ்தமனப் படத்தின் கோப்புக்குள் நுழைத்து, தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினார். திறந்து பார்ப்பவருக்கு அந்திச் சூரியன் மட்டும்தான் தெரியும்.

ஆனால் அதற்கு முன்பே நிறுவனம் அவருடைய கணினியைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு மென்பொருளால் மறையாக்கம் செய்த கோப்புகள் நூற்றுக்கணக்கில் அவர் கணினியில் இருப்பதைப் பார்த்துச் சந்தேகம் வந்திருந்தது. மடியில் கனம் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது. அவர் படத்துக்குள் கோப்புகளை நுழைத்த செயலே ஒவ்வொரு படியாகப் பதிவானது. 2018 ஆகஸ்டில் கைது. 2022இல் பொருளாதார உளவுக்கான சதி என்ற குற்றச்சாட்டில் குற்றவாளி என்று தீர்ப்பு. 2023 ஜனவரியில் 24 மாதச் சிறை.

அவர் செய்தது திருட்டு. அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் தற்காத்துக்கொள்ள வேண்டிய நல்லவர்களும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. மிரட்டலுக்கு ஆளான ஒரு பத்திரிகையாளரோ, ஊழலுக்கு ஆதாரம் வைத்திருப்பவரோ, மறையாக்கம் யாரும் செய்யாத இடத்தில் திடீரென்று அதைச் செய்தால் அதுவே கவனத்தை ஈர்க்கும். அன்றாடம் எல்லாவற்றையும் பூட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் முக்கியமானது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. அப்புறம் இன்னொன்று: வேறொருவர் கட்டுப்பாட்டில் உள்ள கணினியில் உட்கார்ந்து எதை ஒளித்தாலும் அது ஒளித்ததாகாது. அவர் உங்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்.

வீட்டுக்கு எடுத்துப்போக

பட்டா, ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, வங்கி விவரம் இவற்றைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஸ்டெகனோகிராஃபியே தேவையில்லை. 7-ஜிப், வெராகிரிப்ட் போன்ற மென்பொருளில் ஏஇஎஸ் பூட்டுப் போட்டு, இரண்டு இடத்தில் பிரதி வைத்தால் போதும். பூட்டு இருப்பது தெரிந்தாலே தொந்தரவு வரும் என்ற நிலையில் உள்ளவருக்குத்தான் ஒளித்தல். அவருக்கும் முதலில் பூட்டு, பிறகு ஒளிப்பு.

சாவிக்கு நான் சொல்லும் வழி பகடை. 7776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் அமையும். இப்படி ஆறு சொற்கள். தொடர்பே இல்லாத 'தேங்காய் ரயில் வெண்கலம்' மாதிரியான ஆறு சொற்களுக்கு ஏறக்குறைய 77 பிட் பலம். அவற்றைக் கோத்து ஒரு கதை கட்டி, நாலு நாள் காலையும் மாலையும் தட்டிப் பழகினால் மனதில் தங்கிவிடும். இந்த உதாரணத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், பகடை உருட்டுங்கள். கடவுச்சொல்லை மெதுவாகச் சாவியாக மாற்றும் ஆர்கான்2 போன்ற முறை உள்ள மென்பொருளாக இருந்தால் அதன் பலம் இன்னும் கூடும்.

காகிதத்தில் எழுதவே கூடாதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். உங்கள் எதிரி யார் என்பதைப் பொறுத்தது. எங்கோ தூரத்து நாட்டிலிருந்து கணக்கைத் திருடப் பார்ப்பவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஓய்வூதியம் வாங்கும் அப்பாவின் கடவுச்சொல் பீரோவுக்குள் நோட்டில் இருப்பது, எல்லாத் தளத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வதைவிட எவ்வளவோ மேல். வீட்டுக்குள்ளேயே வரக்கூடிய எதிரி என்றால் கதை வேறு.

மர்ஃபி வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த எதிரி வந்துபோனது தெரியவே தெரியாது. 2005இல் போட்டோ எடுத்தது முதல் 2010 கைது வரை கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்த வருடங்களிலும் மாஸ்கோவோடு பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. 2009இல் போய்வந்த செய்திகளில், மான்ட்கிளேர் வீடு யார் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு வாக்குவாதம். இங்கே எல்லாரும் சொந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், நாங்களும் அப்படி இருப்பதுதான் இயல்பு என்று தம்பதி எழுதுகிறார்கள். படிப்பு, வங்கிக் கணக்கு, கார், வீடு எல்லாம் உங்களுக்குக் கொடுத்த பணிக்காகத்தான் என்று மாஸ்கோ நினைவூட்டுகிறது. வீட்டுப் பத்திரம் பற்றிய அந்த மனத்தாங்கலைக்கூட மூன்றாவதாக ஒரு தரப்பு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.